கண்டக்டர் பையில் என் போன்

கவுஞ்சியில் வேலை பார்த்த காலத்தில் என் போன் தினமும் கொடைக்கானல் போய்வந்தது. நான் போகவில்லை.

நான் ஒரு விதைக் கம்பெனியில் இருந்தேன். புது உருளைக்கிழங்கு ரகம் ஒன்றை மேல்மலையில் நட்டு, செடி எப்படி வருகிறது என்று அடிக்கடி படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்காக என்னைக் கவுஞ்சியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். மன்னவனூரிலாவது ஏரிப் பக்கம் போய் நின்றால் டவர் ஒரு கோடு எட்டிப் பார்க்கும். கவுஞ்சியில் அதுவும் கிடையாது. போனில் மணி பார்க்கலாம், டார்ச் அடிக்கலாம், அவ்வளவுதான்.

போய் இறங்கிய அன்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்க நடந்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா மட்டும், "புதுசா வர்றவுங்க ஒரு வாரம் இப்பிடித்தான் தூக்கிக்கிட்டுத் திரிவாங்க. அப்பறம் கை வலிக்கும், விட்டுருவாங்க" என்றார். அவர் வீட்டில்தான் எனக்கு அறை. அவர் அப்பா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். டீயை இன்றும் தேத்தண்ணி என்றுதான் சொல்வார்.

அந்தத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு அக்கா வழி சொன்னார். "வெள்ளனே பஸ்ஸுல குடுத்து விடு. மத்தியானம் வந்துரும்."

"எதை?"

"போனைத்தான்."

ஊரில் இரவு தங்கும் பஸ் விடிந்ததும் கொடைக்கானலுக்குப் புறப்படும். கண்டக்டர் ஐம்பது வயதுக்காரர், மழை வெயில் எதற்கும் மப்ளரைக் கழற்றாதவர். படிக்கட்டில் மஞ்சள் துணிப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து போனை உள்ளே போடுவார்கள். பூம்பாறை தாண்டியதும் பை கத்த ஆரம்பிக்கும். ராத்திரி முழுக்கச் சேர்ந்த மெசேஜ் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். மத்தியானம் பை திரும்பி வரும்.

நான் போனைப் போட்டபோது, "மேடம், லாக்கை எடுத்து விட்டுருங்க" என்றார்.

"எதுக்குண்ணே?"

"அடிச்சா எடுக்கணும்ல. எடுக்காம விட்டா வீட்டுல பயந்துருவாங்க."

எடுப்பார் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த போன் அடித்தாலும் ஒரே மாதிரி எடுப்பார். "வணக்கம், கவுஞ்சி வண்டி. யாரு வேணும்?"

அவரிடம் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. நான்தான் பேசுகிறேன் என்று யாரையும் ஏமாற்றவும் மாட்டார். கண்டக்டர் என்றே சொல்லி, வந்த சேதியை வாங்கி, தனக்குத் தெரிந்த பதிலைச் சொல்வார். தெரியாததைப் பக்கத்தில் இருக்கும் பயணிகளிடம் கேட்டுச் சொல்வார். ஒருமுறை என் மேனேஜர் கூப்பிட்டு இலையில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். கண்டக்டர் போனைக் கேரட் மூட்டையோடு வந்திருந்த ஒரு விவசாயியிடம் கொடுத்துவிட்டார். அவர் அரை மணி நேரம் கருகல் நோய் பற்றிப் பேசியிருக்கிறார். அந்த மாதம் எனக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

அம்மா மட்டும்தான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீடு பழனியில், அடிவாரத்தில் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. மகள் போனை ஆண் குரல் எடுத்ததும் அம்மா வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டார், மறுபடி வைத்தார். அதற்கடுத்த தடவை சண்டை போட்டார். அதற்கப்புறம் நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் படியில் நின்றபடியே போனையும் சேதியையும் சேர்த்துக் கொடுப்பார். சேதி எல்லாருக்கும் கேட்கும்.

"ஏலே, ஒன் மச்சான் செவ்வாக்கெழம வாரானாம், கோழி புடிச்சு வைக்கச் சொன்னான். அக்கா, ஒங்க மருமகளுக்குப் பொம்பளப் புள்ள, ரெண்டு பேரும் சொகம். மேடம், அம்மா பேசுனாங்க. நீங்க தலைக்கு எண்ணெயே வைக்கிறதில்லையாம், வருத்தப்பட்டாங்க."

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் என் தலையைப் பார்த்தார்கள்.

ஒருநாள் உரம் வாங்க நானே அந்த பஸ்ஸில் போனேன். பஸ் ஸ்டாண்டில் போன் அடித்தது. நானே எடுத்தேன்.

"நீ எதுக்குடி எடுத்த?" என்றார் அம்மா. "கண்டக்டர் தம்பிக்கு என்ன ஆச்சு? ஒடம்புக்கு முடியலயா?"

இந்த நிலைமையில்தான் எனக்கு வரன் வந்தது.

ஒரு மத்தியானம் கண்டக்டர் என் போனைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். "மேடம், நல்ல சேதி. உடுமலையில ஒரு எடம் வந்திருக்காம். பையன் தங்கமாம். அம்மா போட்டோ அனுப்பியிருக்காங்க, நாங்க பாத்தோம், நல்லாத்தான் இருக்காப்ல. டவர் கம்பெனியில வேல."

கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் பஸ்ஸைச் சுற்றி நின்ற கூட்டம் அப்படியே அடங்கியது. பஞ்சாயத்து மெம்பர் பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தவர், இறங்காமல் உள்ளேயே நடந்து முன்படிக்கு வந்தார்.

"எந்த டவரு?"

"செல்போன் டவருதான்ணே."

மெம்பர் என்னைப் பார்த்தார். அன்றுவரை அவர் என்னை ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. "பாப்பா, நீ நம்ம ஊருப் பொண்ணு" என்றார்.

நான் பழனிப் பொண்ணு என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்பதாக இல்லை. சாயந்திரத்துக்குள் என் அறை வாசலில் ஒரு கூடை கேரட்டும் பூண்டும் பீன்ஸும் வந்து இறங்கின. அடுத்த நாள் வயலுக்குப் போகும் வழியில் முகம் தெரியாத ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "மாப்பிளைக்கிட்டச் சொல்லி நம்ம மேட்டுல ஒரு டவரப் போட வையி தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். மாப்பிள்ளையை நான் இன்னும் போட்டோவில்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் பார்த்து முடித்தபோது போனில் சார்ஜ் போயிருந்தது. கரண்ட் அன்று ராத்திரிதான் வந்தது. பார்த்தால் போட்டோவில் பாதி முகம் கூலிங் கிளாஸ்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பற்றி விசாரிக்கவும் என் நம்பருக்கே கூப்பிட்டிருக்கிறார். அது எனக்குப் பிற்பாடு பூண்டு உரித்த அக்கா சொல்லித்தான் தெரியும். அன்று அவர் அந்த பஸ்ஸில் இருந்தார். கண்டக்டர் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்.

"பொண்ணு என்ன நெறம்?" என்று அந்தப் பக்கம் கேள்வி.

பஸ்ஸில் இதைப் பற்றி ஒரே கருத்து இல்லை. மாநிறம் என்றார்கள் சிலர். கடைசி சீட்டிலிருந்து ஒருவர், "வெயில்ல நின்னு கறுத்துக் கெடக்கு, கீழ எறக்குனா வெளுத்துரும்" என்றாராம்.

"சமைக்குமா?"

அதற்கு அக்காதான் பதில் சொல்லியிருக்கிறார். "வெந்நி நல்லா வைக்கும்."

"ஏன்க்கா இப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லி ஒரு கல்யாணம் நடக்கப்படாது" என்றார்.

கிழங்கு தோண்டும்வரை எனக்கு லீவு கிடையாது. அப்பாவுக்குத் தைப்பூசக் கூட்டம், கடையை விட்டு அசைய முடியாது. அம்மாவுக்கு மலை ஏறினால் வாந்தி. ஆகவே பெண் பார்ப்பதைக் கவுஞ்சியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மெம்பர் சொல்லி, கண்டக்டர் எடுத்துச் சொல்லி, இரண்டு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். "நீங்கள்லாம் இருக்கீங்கல்ல தம்பி, பாத்துக்கங்க" என்று அம்மா கண்டக்டரிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார். நாளும் குறித்தாகிவிட்டது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நாள் குறித்த அன்று கண்டக்டருக்குத் தங்கை வீட்டு விசேஷம். லீவில் போகும்போது, "ஞாயித்துக்கெழம மாப்பிள்ள வீட்டுலருந்து வாராங்கன்னு விதை மேடத்துக்கிட்டச் சொல்லிரு" என்று மாற்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். புதியவருக்கு விதை மேடம் யாரென்று தெரியவில்லை. பஸ் கவுஞ்சி வந்ததும் பொதுவாகச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் அப்போது வயலில் இருந்தேன். ஊர் முழுக்க அதைக் கேட்டது. கல்யாணப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா என்று யாரும் என்னிடம் தனியாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூட வராண்டாவைக் கழுவினார்கள். தெருவில் கிடந்த சாணியை அள்ளினார்கள். "யாராவது ஆபீசர் வாராங்களா?" என்று கேட்டேன். ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "ஆமாமா, பெரிய ஆபீசருதான்" என்றாள். ஆபீசர் வந்தால் வயலுக்கும் வருவார் என்று நினைத்து நானும் வரப்பைச் செதுக்கி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மப்பும் மந்தாரமுமாக இருந்தது. இந்த மாதிரி நாளில் மருந்து அடிக்காவிட்டால் கருகல் விழுந்துவிடும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மேலே கிழிந்த ரெயின்கோட், முதுகில் ஸ்பிரேயர், மூக்கில் துண்டு. அக்கா வரப்பில் தடுமாறிக்கொண்டு ஓடிவந்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தார்.

"நீ இன்னும் குளிக்கலயா? வந்துட்டாங்க!"

"யாரு?"

"ஒன்னப் பொண்ணு பாக்கத்தான்! பள்ளிக்கூடத்துல ஒக்கார வச்சிருக்கு. வெரசா வா!"

"எனக்கு யாருமே சொல்லலையேக்கா!"

அக்கா அப்படியே நின்றுவிட்டார். "ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகை வந்தது. அடித்துக்கொண்டிருந்த பாத்தியை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். பாதியில் விட்டால் மருந்து வீணாகிவிடும். அக்கா பட்டுச்சேலையோடு வரப்பில் நின்று முடியும்வரை காத்திருந்தார்.

பள்ளிக்கூட வராண்டாவில் ஜமுக்காளம் விரித்திருந்தது. உடுமலையிலிருந்து வேனில் வந்தவர்கள், பெண்களும் ஆண்களும் அத்தனை பேரும், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழனி மலைப்பாதை வளைவுகள் முடிந்து, கொடைக்கானலுக்கு அப்புறமும் இத்தனை வளைவு இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பஜ்ஜி தட்டு வந்ததும் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கூலிங் கிளாஸ் போட்ட ஒரு இளைஞர் மட்டும் தெம்பாக இருந்தார். அவருக்குத் தனி நாற்காலி. மெம்பர் அவர் தோளில் துண்டைப் போர்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "மேட்டுல வச்சா எவ்வளவு ஒசரம் வரைக்கும் போகும்?"

"எவ்வளவு ஒசரம்னாலும் ஏறும்ணே. செகண்ட் கியர்ல அலுங்காமப் போகும்."

மெம்பருக்கு அது முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் திருப்தியாகத் தலையாட்டினார். நான் குளித்து, அக்காவின் மகள் சேலையைக் கட்டி, காபித் தட்டோடு போய் முதலில் அந்த இளைஞர் முன்னால் நின்றேன். நல்ல முகம்தான் என்று நினைத்தேன். அவர் காபியை எடுத்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் சீனி கெடைக்குமா?" என்றார். அவர் வேன் டிரைவர்.

மாப்பிள்ளையின் அம்மா என்னை உட்காரச் சொன்னார். கையைப் பிடித்துப் பார்த்தார். எத்தனை தேய்த்தும் நகக்கண்ணில் மருந்தின் நீலம் போகவில்லை.

"நகத்துல என்னம்மா?"

"மருந்துங்க."

கையை விட்டுவிட்டார். "என்ன வியாதி?"

"எனக்கில்லங்க. உருளைக்கெழங்குக்கு."

இதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமாவை மெம்பர் மேட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். சத்தமாகப் பேசும் ஊர், வராண்டாவரைக்கும் கேட்டது.

"எல்லாம் உங்க எடந்தான்னு வச்சுக்கங்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க."

"பொண்ணுக்குக் குடுக்குறதாங்க?" தாய்மாமா குரலில் எலுமிச்சம்பழம் தேவைப்படாத ஒரு தெளிவு வந்திருந்தது.

"பொண்ணுக்குன்னு என்ன, ஊருக்கேதான். ஜெனரேட்டர வேணும்னா அந்தாண்ட வச்சுக்கலாம்."

"ஜெனரேட்டரா? கல்யாணத்த இங்கயா வைக்கிறீங்க?"

அவர்கள் திரும்பி வந்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "சரி, எம்மகன் எங்க? பொண்ணப் பாத்துட்டானா?"

 மாப்பிள்ளை வேலையாக ஆடலூர் பக்கம் போயிருந்தாராம். அங்கிருந்தே பைக்கில் முன்னால் வந்திருப்பார் என்று வேனில் வந்தவர்கள் நினைத்திருந்தார்கள். வேனில் வருகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எல்லாரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள், பார்த்தார்கள், உள்ளே வைத்தார்கள்.

பிறகு ஒரு உர லாரி வந்தது. பழனியிலிருந்து ஏறி வந்த வண்டி. டிரைவர் கீழே குதித்ததும் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "என்ன விசேஷம்? வடகவுஞ்சியிலயும் ஒருத்தர் தாம்பூலத் தட்டோட பொண்ணு தேடிக்கிட்டு டீக்கடையில நிக்கிறாரு."

கவுஞ்சி ஒரு மூலை, வடகவுஞ்சி ஒரு மூலை. வடகவுஞ்சி பழனி மலைப்பாதையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கொடைக்கானலும், அரைநாள் பயணமும். ஆடலூர் வழியாக வந்தவர் "கவுஞ்சிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்க, வழி சொன்னவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்த கவுஞ்சியைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

அங்கே நடந்ததை அவரே பிற்பாடு எனக்குச் சொன்னார். டீக்கடையில் போய், "விதைக் கம்பெனியில வேல பாக்குற பொண்ணு வீடு எது?" என்று விசாரித்திருக்கிறார். அப்படி யாரும் இல்லை என்றார்கள். பெண் பார்க்க வந்தேன் என்றார். கடையில் இருந்தவர்கள் வருத்தப்பட்டார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறும் கையோடு போவதா என்று ஒருவர் தன் அண்ணன் மகளைச் சொன்னாராம். இன்னொருவர் நர்ஸுக்குப் படித்த பெண் இருக்கிறாள் என்றாராம். சாப்பாடும் போட்டார்கள். எங்கே தப்பு நடந்தது என்று கேட்க வீட்டுக்கு அடித்தால் வேனில் யாருக்கும் டவர் இல்லை, எனக்கு அடித்தால் எனக்கும் இல்லை. அவருக்கு மட்டும் முழு டவர் இருந்தது.

லாரிக்காரர் சொன்னதைக் கேட்டதும் மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். மகனை வேறு யாரும் பார்த்து முடித்துவிடப் போகிறார்கள் என்று பயம். பனி இறங்கும் முன்னால் போக வேண்டும் என்று வேன் டிரைவரும் சொன்னார். அத்தனை பேரும் எலுமிச்சம்பழங்களோடு ஏறிப் புறப்பட்டுவிட்டார்கள். என் தலையில் வைத்த பூவைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு மிச்சப் பாத்திக்கு மருந்தடிக்கப் போனேன். மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

சாயந்திரம் பஸ் வந்து நின்றது. எங்கள் பழைய கண்டக்டர் லீவு முடிந்து மத்தியானமே வேலைக்கு வந்திருந்தார். படியில் நின்றபடி ஊரே கேட்கக் கத்தினார். "மாப்பிளையக் கூட்டியாந்துட்டேன்!"

அவருக்குப் பின்னால் சட்டையெல்லாம் சிவப்புத் தூசியோடு, வெற்றிலை வாடிப்போன தட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். இன்னொரு கவுஞ்சி இருப்பதை வடகவுஞ்சி டீக்கடையில் கடைசியில் யாரோ சொன்னார்களாம். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் பெட்ரோல் தீர்ந்துபோன பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தவர், கவுஞ்சி வண்டி எது என்று கேட்டிருக்கிறார். குரலைக் கேட்டதுமே கண்டக்டருக்குத் தெரிந்துவிட்டது. நாலைந்து தடவை என் போனில் பேசிய குரல். பைக்கை அங்கேயே நிறுத்திவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பூம்பாறைக்குப் பக்கத்தில் மூடுபனியில் ஒரு வேன் எதிரே வந்து, யார் பின்னால் எடுப்பது என்று இரண்டு டிரைவர்களும் வெகுநேரம் சண்டை போட்டார்களாம். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வேனில் அவர் அம்மாவும் தூங்கியிருப்பார்.

நான் பூட்ஸோடு நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "இங்க விதைக் கம்பெனியில ஒருத்தவங்க..." என்றார்.

"நான்தான்."

"வணக்கம்ங்க" என்று தட்டை நீட்டினார். எனக்கு முன்னால் மெம்பர் அதை வாங்கிக்கொண்டார்.

"டவரு எப்ப வரும்?"

"எந்த டவருங்க?"

ஊர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னது. அவர் முகம் மெல்ல மெல்ல வெளிறியது. "நான் டவர் கம்பெனிதாங்க. ஆனா டவர் போடுற ஆளு இல்ல. டவருக்குக் கீழ ஜெனரேட்டர் இருக்கும்ல, அதுக்கு டீசல் ஊத்துறாங்களான்னு பாக்குறதுதான் என் சோலி."

"அப்ப டவரு உங்க கையில இல்லையா?"

"இல்லங்க."

"டீசலு?"

"அதுவும் என்னுது இல்லங்க."

கூட்டத்தில் பின்வரிசை கலைய ஆரம்பித்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கும் அந்த ஏமாற்றம் தாங்கவில்லை போல. பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தார். அதில் டவர் எவ்வளவு வருகிறது என்று நம்பரில் காட்டும். "எங்கயாச்சும் ஒரு எடத்துல கொஞ்சம் வரும். தேடிப் பாப்போம்" என்று நடந்தார். ஊர் மறுபடி சேர்ந்துகொண்டு பின்னால் போனது. நானும் போனேன்.

கோயில் முன்னால் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றுமில்லை. மேட்டின் வடக்கு ஓரம், உடுமலைப் பக்கம் கீழே சமவெளி தெரியும் இடத்தில் நம்பர் வந்தது. "மைனஸ் நூத்திப் பதினஞ்சு" என்றார்.

"மைனஸ்னா நல்லதா கெட்டதா?" என்று மெம்பர் கேட்டார்.

"கொஞ்சம் ஒசரம் போனா கெடைச்சுரும்."

ஏணி கொண்டுவர நேரமில்லை, இருட்டப் போகிறது. பக்கத்தில் கிழங்கு மூட்டை சுமக்கும் மட்டக்குதிரை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. குதிரைக்காரர் அதை இழுத்துவந்து நிறுத்தினார். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து கையைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு கோடு வந்தது. ஊர் கைதட்டியது. உடனே போனில் டிங் என்றது. கேரளாவுக்கு நல்வரவு என்று மெசேஜ்.

தன் அம்மாவுக்கு அடித்தார். மலையாளத்தில் ஒரு பெண் குரல் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு நின்றது. எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். மறுபடி அடித்ததில் அம்மா கிடைத்தார், கொடைக்கானலில் வேனை நிறுத்தியிருந்தார்கள். நான் கவுஞ்சியில்தான் இருக்கேன், நீங்க வீட்டுக்குப் போங்க என்று அவர் சொல்லி முடிக்கும்முன் குதிரை இரண்டடி புல்லுக்கு நகர்ந்தது, லைன் போனது.

"உங்க அம்மாவுக்கும் சொல்லிருங்க, பதறிக்கிட்டு இருப்பாங்க" என்று இறங்கிவிட்டார்.

நான் குதிரையில் ஏறினேன். வாழ்க்கையில் முதல்முறை. போனைக் காதில் வைத்தால் டவர் போய்விடுகிறது, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். அவர் கீழே குதிரையின் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். குதிரைக்காரர் ஒவ்வொரு கேரட்டாக ஊட்டினார்.

அம்மா குரல் மேட்டில் எல்லாருக்கும் கேட்டது. "என்னடி ஆச்சு? பையன் வந்தானா இல்லையா?"

"வந்துட்டாரும்மா. இங்கதான் குதிரையோட நிக்கிறாரு."

"குதிரையா? டவர் கம்பெனின்னாங்க!"

"அதெல்லாம் அப்பறம் சொல்றேன்மா."

"சரி, அதை விடு. லைன் போயிரும், ஒரே வார்த்தையில சொல்லு. பிடிச்சிருக்கா?"

அந்த நேரம் குதிரை தலையை ஆட்டி ஒரு இழுப்பு இழுத்தது. நான் சரிந்தேன். கீழே பார்த்தேன். அவர் கால்களை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த பயத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

"ம்... நல்லாப் பிடிச்சிருக்காரும்மா."

"பிடிச்சிருக்காமா!" என்று அம்மா அந்தப் பக்கம் அப்பாவிடம் கத்துவது கேட்டது. அதற்குள் கேரட் தீர்ந்தது. குதிரை நகர்ந்தது. லைன் போனது. கூட்டம் மறுபடி கைதட்டியது, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் என்னைக் கை கொடுத்து இறக்கிவிட்டு, மெதுவாகக் கேட்டார். "நீங்க கயித்தத்தான சொன்னீங்க?"

"ஆமா."

"அதான் நெனச்சேன்" என்றார். கை முழுக்கக் கயிறு அறுத்துச் சிவந்திருந்தது.

அன்று ராத்திரி அவரை மெம்பர் வீட்டில் தங்க வைத்தார்கள். டவர் இல்லை என்று ஆகியும் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. விடிந்ததும் பஸ்ஸுக்கு வந்தார். நானும் போனைப் போடப் போயிருந்தேன். கண்டக்டர் பையை விரித்தபடி என்னைக் கேட்டார். "அம்மா கூப்புட்டா ஏதும் மாத்திச் சொல்லணுமா மேடம்? கயித்துக் கதைய ராத்திரி இவரு எங்கிட்டச் சொன்னாரு."

மாப்பிள்ளை பஸ்ஸுக்குள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

 நேற்று இவ்வளவு நடந்தும் அவர் யார் மேலும் ஒரு தடவைகூடக் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. "ஒண்ணும் மாத்த வேண்டாம்ணே" என்றேன். போனைப் பையில் போட்டேன்.

கல்யாணம் கிழங்கு தோண்டி முடிந்தபின் என்று முடிவானது. இடையில் மேனேஜரிடம் கெஞ்சி ஒரே ஒருநாள் லீவு வாங்கினேன். சொல்லாமல் போய் நிற்கலாம் என்று விடியற்காலை காய்கறி லாரியில் ஏறி, கொடைக்கானலில் பஸ் பிடித்து உடுமலைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. என்னைப் பார்த்து வாயில் கை வைத்தார். அன்றைக்கு மகனுக்கும் லீவாம், சொல்லாமல் போய் நிற்கலாம் என்று விடியுமுன்பே கவுஞ்சிக்குக் கிளம்பிவிட்டாராம்.

திரும்பிப் போனாலும் வழியில் மறுபடி தவறவிடுவோம் என்று அவர் அம்மா என்னைப் போக விடவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து வெங்காயம் அரிந்து சாம்பார் வைத்தோம். மலையில் வராண்டாவில் கண்ணை மூடிக் கிடந்த அந்த அம்மா, தன் வீட்டில் வேறு ஆளாக இருந்தார். மகன் சின்ன வயதில் கடைக்கு உப்பு வாங்கப் போய் வேறு ஊர் பஸ்ஸில் ஏறிவிட்ட கதையைச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சாப்பிட்டு முடித்து, என் நகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் புளியை எடுத்துவந்து அவரே தேய்த்துவிட உட்கார்ந்தார்.